கடைசி வயலுக்கு நீர் எட்டியதா?

வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான அரசாங்கத் திட்டமும் அதனை நடத்தும் முறையும்

(அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான பிராந்திய நிலையம் ஒன்றில் நீண்டகாலம் கடமையாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், கிளிநொச்சியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வாசகம் இது.)



இத்தகைய மேடைகளில் நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம். நீரைப் பற்றிப் பேசுகிறோம். மொழியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் மணிக்கணக்கிற் பேசுகிறோம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மேடைக்கு அரிதாகவே வருவது. அது வீட்டின் உள்ளறையில் இருப்பது. விருந்தினர் வந்தால் கதவு சாத்தப்பட்டு மறைக்கப்படுவது. அந்த அறைக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், ஓட்டிசம் ஆகியவற்றையும் இவற்றை ஒத்த நிலைகளையும் வளர்ச்சிக் குறைபாடு என்று கலிபோர்னியாச் சட்டம் வகுத்திருக்கிறது. அது 18 வயதுக்கு முன் தோன்றியதாக இருத்தல் வேண்டும். வாழ்நாள் முழுவதும் தொடரக் கூடியதாக இருத்தல் வேண்டும். அன்றாட வாழ்வைப் பெரிதும் தடைசெய்வதாகவும் இருத்தல் வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் அது மாறும். இது அப்படி மாறுவதன்று. ஆதலின் இதற்கு உதவும் அரசாங்கமும் ஒரு நாளைக்கு உதவிவிட்டு விலகிக்கொள்ள முடியாது. பிறப்பிலிருந்து இறப்பு வரை உடன்வர வேண்டிய திட்டம் இது. இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது எவ்வாறு? இதுவே என் பேச்சின் பொருள்.

நீங்கள் இரணைமடுக் குளத்தை அறிந்தவர்கள். குளம் வான் பாய்கிறது என்று கேட்டால் மகிழ்கிறோம். ஆனால் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவன் அதைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடமாட்டான். தன் வயல் வரம்பில் நின்று நீர் வருகிறதா என்று பார்த்த பின்னரே மகிழ்வான். அரசாங்கத் திட்டமும் அவ்வாறானதே. ஒதுக்கிய தொகை குளத்து நீர். உத்தியோகத்தர்கள் வாய்க்கால். எவனால் வாய் திறந்து கேட்க முடியாதோ அவனே கடைசி வயல்.

மறைத்து வைத்த காலம்

அமெரிக்கா செல்வம் படைத்த நாடு. அங்கும் இப்பிள்ளைகளின் வரலாறு இருளிலேயே தொடங்குகிறது.

ஜனாதிபதி ஜோன் கென்னடியின் சகோதரி றோஸ்மேரி அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர். 1941 இல், அவருக்கு 23 வயதாக இருந்தபோது செய்யப்பட்ட மூளைச் சத்திரசிகிச்சை அவரை முன்னிலும் மோசமான நிலைக்குத் தள்ளியது. அத்தனை செல்வாக்குப் படைத்த குடும்பமும் அவரைப் பற்றி ஊரறியப் பேச இருபது ஆண்டுகள் வரை தயங்கியது. 1962 இலேதான் மற்றொரு சகோதரியான யூனிஸ் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் அதனை வெளிப்படையாக எழுதினார். கென்னடி 1961 இல் இவ்விடயத்தை ஆராய நிபுணர் குழுவொன்றை அமைத்தார். 1963 ஒக்ரோபரில், தாம் கொலையுண்பதற்குச் சில வாரங்களுக்கு முன், இது தொடர்பான இரண்டு சட்டங்களிற் கையொப்பமிட்டார்.

நாட்டின் தலைவர் வீட்டிலேயே இந்நிலை என்றால், ஏழை வீடுகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? பிள்ளை பிறந்ததும், “இதனை அரச விடுதியிற் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள்” என்று வைத்தியர்களே பெற்றோருக்குப் புத்தி சொன்ன காலம் அது. அந்த விடுதிகள் எப்படி இருந்தன? நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்ரேற்றன் தீவில் வில்லோபுறூக் என்றொரு அரச நிலையம் இருந்தது. ஏறக்குறைய 4,000 பேருக்கென்று கட்டப்பட்ட அந்நிலையத்தில் 1965 அளவில் 6,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டு அதனைப் பார்வையிட்ட செனற்றர் ரொபேட் கென்னடி, பாம்புக் குழிக்கு ஒப்பிட்டு அதனைக் கண்டித்தார். கண்டனம் வந்தது, மாற்றம் வரவில்லை. 1972 இல் ஒரு தொலைக்காட்சி நிருபர் படப்பிடிப்புக் கருவியுடன் உள்ளே சென்றார். ஆடையின்றி, அழுக்கில், கவனிப்பாரின்றிக் கிடந்த பிள்ளைகளை நாடு முழுவதும் வீட்டிலிருந்தே கண்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975 இல் அரசு நீதிமன்றத்தின் முன் ஓர் இணக்கத் தீர்ப்புக்கு உடன்பட்டது. அங்கிருந்தோர் சிறிது சிறிதாக ஊர்களிலுள்ள சிறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். 1987 இல் வில்லோபுறூக் மூடப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். வில்லோபுறூக்கிலும் ஒரு திட்டம் இருந்தது, வரவு செலவு இருந்தது, பணிப்பாளர் இருந்தார், ஆண்டறிக்கையும் இருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொருவனையும் பேர் சொல்லி அறிந்து, இவனுக்கு இன்னது வேண்டும், அதனைக் கொடுத்தோமா என்று பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர்தான் அங்கே இருக்கவில்லை.

பெற்றோர் கேட்ட கேள்வி

கலிபோர்னியாவிலும் 1960 களில் அரச வைத்தியசாலைகளில் இப்படி 13,000 பேர் வரை வாழ்ந்தனர். உள்ளே இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். அப்பொழுது பெற்றோர் சங்கங்கள் அரசை நோக்கி எளியதொரு கேள்வியைக் கேட்டன. “பிள்ளையை உங்களிடம் கையளித்தால் அவனுக்காகச் செலவழிக்கிறீர்கள். எங்களுடனேயே வைத்துக்கொண்டால் ஒரு சதமும் தரமாட்டோம் என்கிறீர்கள். பிள்ளையைக் கைவிடுவோருக்கு மட்டுந்தானா உதவி?”

இக்கேள்விக்கு ஆட்சியாளரிடம் பதில் இருக்கவில்லை. 1965 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1966 இல் லொஸ் ஏஞ்சல்சிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இரண்டு பிராந்திய நிலையங்கள் சோதனையாகத் திறக்கப்பட்டன. பிள்ளையை வீட்டிலே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அங்கேயே உதவி தேடிக் கொடுப்பது அவற்றின் வேலை. சோதனை பலித்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பிராங்க் லான்ரமன் என்னும் சட்டசபை உறுப்பினர் 1969 இல் கொண்டுவந்த சட்டத்தினால் அம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதிற் கையொப்பமிட்டவர் அன்று ஆளுநராக இருந்த ரொனால்ட் றேகன். அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்று நாளும் பேசியவர் அவர். ஒரே கேள்வி இரு கட்சியாரின் நெஞ்சிலும் தைத்தது என்பதற்காகவே இதனைச் சொல்லுகிறேன்.

இன்று கலிபோர்னியாவில் 21 பிராந்திய நிலையங்கள் இயங்குகின்றன. 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றின் உதவியைப் பெறுகின்றனர்.

ஒருவருக்கு ஒரு திட்டம்

இந்நிலையங்கள் அரசாங்கக் கந்தோர்கள் அல்ல. இலாப நோக்கற்ற தனிச் சபைகளாக அமைந்து, மாநிலத் திணைக்களத்துடன் ஒப்பந்தம் செய்து, அரசாங்கப் பணத்தில் இயங்குகின்றன. ஒவ்வொரு நிலையத்தையும் ஆளும் சபையில் குறைந்தது பாதிப்பேர் குறைபாடு உடையவர்களாகவோ அவர்களின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். குறைந்தது காற்பங்கினர் குறைபாடு உடையவர்களாகவே இருத்தல் வேண்டும். சட்டம் இப்படிச் சொல்லுகிறது. “அவர்கள் சபையில் இருந்து என்ன செய்வார்கள்?” என்று நானும் முதலில் நினைத்ததுண்டு. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர், பேசுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டு, “என்னை ஏற்ற வரும் வாகனம் ஏன் இரண்டு மணி நேரம் பிந்துகிறது?” என்று கேட்டபோது, எங்கள் நிர்வாகிகள் எவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் தயாரித்த அறிக்கையில் போக்குவரத்து “திருப்திகரம்” என்றிருந்தது.

நிலையத்தின் கதவைத் தட்டுபவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பதையும் சட்டம் நாட்கணக்கில் வகுத்திருக்கிறது. 15 வேலை நாட்களுக்குள் முதல் விசாரிப்பு நடைபெற வேண்டும். அதன்பின் மதிப்பீட்டை 120 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தகுதி உடையவர் என்று கண்டால் அடுத்த 60 நாட்களுக்குள் அவருக்கென்று ஒரு தனித் திட்டம் எழுதப்பட வேண்டும்.

இத்தனித் திட்டமே அந்த முறையின் உயிர்நாடி. அது பொதுப்பட எழுதிய சுற்றறிக்கையன்று. குறித்த மனிதரும், அவர் குடும்பத்தாரும், நிலையத்தின் ஒருங்கிணைப்பு உத்தியோகத்தரும் ஒரே மேசையில் இருந்து எழுதுவது. இவர் எங்கே வாழ விரும்புகிறார்? என்ன வேலை கற்க விரும்புகிறார்? தாய்க்கு மாதம் எத்தனை மணி நேரம் ஓய்வு வேண்டும்? பேச்சுப் பயிற்சியை யார் கொடுப்பது? எப்பொழுது தொடங்குவது? இவையெல்லாம் அதில் எழுதப்படும். குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதனை மீள நோக்க வேண்டும். எழுதிக் கையொப்பமிட்ட பின் அது வேண்டுகோள் அன்று. நிலையத்தைக் கட்டுப்படுத்தும் ஆவணம். உதவியைக் குறைக்க விரும்பும் நிலையம் 30 நாட்களுக்கு முன்னரே, காரணத்துடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதனை ஏற்காதவர் நடுநிலையான விசாரணை அதிகாரியிடம் முறையிடலாம். உரிய காலத்துக்குள் முறையிட்டால், தீர்ப்பு வரும்வரை உதவியை நிறுத்த முடியாது.

பணம் போகும் வழி

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? மாநிலம் ஒரு பங்கைத் தருகிறது. மத்திய அரசு 1965 இல் நிறுவிய மெடிக்கெயிட் என்னும் மருத்துவ உதவித் திட்டம் மற்றொரு பங்கைத் தருகிறது. இந்த மெடிக்கெயிட் வரலாற்றிலும் நமக்கொரு பாடம் உண்டு.

1971 இல் மத்திய அரசு இவர்களைப் பராமரிக்கும் நிலையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல எண்ணத்துடன் செய்த காரியந்தான். ஆனால் பணம் நிலையத்துக்கே சென்றது, வீட்டுக்கு வரவில்லை. ஆகவே மாநிலங்கள் பணம் இருக்கும் இடத்திலேயே மனிதர்களையும் வைத்திருக்க முனைந்தன. 1981 இல் ஐயோவா மாநிலத்துச் சிறுமி கேற்றி பெக்கற்றின் கதை நாடெங்கும் பேசப்பட்டது. குழந்தைப் பருவத்தில் மூளை அழற்சிக்கு ஆளாகி, சுவாசக் கருவியின் துணையுடன் வாழ்ந்த குழந்தை அவர். வைத்தியசாலையிற் கிடந்தால் மெடிக்கெயிட் பணம் கொடுத்தது. வீட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவு பன்மடங்கு குறைவாக இருந்தும் அதற்குப் பணம் கொடுக்க விதி இடந்தரவில்லை. அப்போது ஜனாதிபதியாகிவிட்ட றேகனே இதனை எடுத்துச் சொல்லிக் கண்டித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் கேற்றி வீடு திரும்பினார். வீட்டிலும் ஊரிலும் வைத்துப் பராமரிப்பதற்கு மெடிக்கெயிட் பணத்தைப் பயன்படுத்த மாநிலங்களுக்கு இடமளிக்கும் சட்டத் திருத்தமும் அதே 1981 இலேதான் வந்தது.

பணம் கட்டடத்தைத் தொடர்ந்தால் மனிதன் கட்டடத்துக்குள் அடைபடுவான். மனிதனைத் தொடர்ந்தால் அவன் வீட்டில் வாழ்வான். திட்டம் தீட்டுபவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்படியாயின் எல்லாக் குறையும் தீர்ந்ததா? தீரவில்லை. அந்த 1981 ஆம் ஆண்டுத் திருத்தம், எத்தனை பேருக்கு உதவுவது என்று எல்லை வகுக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதனால் இன்றும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இலட்சக்கணக்கானோர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றனர். கலிபோர்னியாவிலோ பிராந்திய நிலையத்தின் உதவி சட்டப்படியான உரிமை. ஆகையால் “பட்டியலில் நில்” என்று சொல்ல அங்கே இடமில்லை. உரிமை என்று எழுதுவதற்கும் உதவி என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பணம் குறைந்தபோது

உரிமை ஏட்டில் இருக்கும். பஞ்சம் வரும்போதே அது சோதிக்கப்படும். 1982 இல் கலிபோர்னியாவிற் பண நெருக்கடி. திணைக்களம், இன்னின்ன உதவிகளை வெட்டுக என்று நிலையங்களுக்குக் கட்டளை அனுப்பியது. பெற்றோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1985 இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித் திட்டத்தில் எழுதிய உதவி அம்மனிதரின் உரிமை. அதனைக் கட்டளை மூலம் வெட்டத் திணைக்களத்துக்கு அதிகாரமில்லை. பணம் போதாதென்றால் சட்டசபையிடம் செல்ல வேண்டும். சட்டசபை பணத்தைக் கூட்டட்டும், அல்லது சட்டத்தைத் திருத்தட்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

இதன் பொருளை நன்றாக உணர வேண்டும். வெட்டுவதாயின் மக்கள் பிரதிநிதிகள் வெளிச்சத்தில் நின்று, கை உயர்த்தி, வெட்டட்டும். காரியாலய மூலையில் ஒரு பேனா ஓசையின்றி வெட்டக் கூடாது.

நான் செய்த பிழை

அந்தப் பேனாவைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் இறங்கினால் என் உரை நேர்மையுடையதாகாது.

2009 இல் மீண்டும் பெரும் பண நெருக்கடி வந்தது. இம்முறை சட்டசபையே சட்டத்தை மாற்றியது. பிள்ளையைப் பராமரிக்கும் குடும்பத்தார் சற்று இளைப்பாறுவதற்காக வேறொருவர் வந்து பார்த்துக்கொள்ளும் நேரம், மூன்று மாதத்துக்கு 90 மணிக்கு மேற்படக் கூடாது என்று விதித்தது. ஆனால் விதிவிலக்கும் வைத்தது. பிள்ளையைப் பராமரிப்பது மிகக் கடினமாக இருந்து, மேலதிக ஓய்வின்றி அவனை வீட்டில் வைத்திருக்க இயலாதென்றால் கூடுதலாகக் கொடுக்கலாம். யாருக்கு விதிவிலக்கு என்பதை ஒவ்வொருவராக ஆராய வேண்டியது எங்கள் கடமை.

நான் அப்பொழுது ஒரு பிரிவின் மேற்பார்வையாளன். மேசையிற் குவிந்த கோவைகள் நூற்றுக்கணக்கானவை. ஒரே வாசகத்தில் ஒரு கடிதம் தயாராயிற்று. ஒவ்வொன்றிலும் பெயரை மாற்றி, நான் கையொப்பமிட்டேன். விதிவிலக்கைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது.

அக்கடிதங்களில் ஒன்று, திராட்சைத் தோட்டங்களிற் கூலி வேலை செய்யும் ஒரு தாயிடம் சென்றது. அவருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். மகனுக்குப் பதினாறு வயது. பேச்சில்லை. இரவில் வலிப்பு வரும். வராத இரவுகளில் கதவைத் திறந்து தெருவுக்கு ஓடுவான். அத்தாய்க்கு இருந்த 150 மணி நேரம் என் கையொப்பத்தினால் 90 ஆயிற்று. அவர் தேவாலயத்தில் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டி வாசிப்பித்து, முறையீடு செய்தார்.

விசாரணை நாளன்று நான் கோவையுடன் சென்றேன். சட்டப் பிரிவுகள் எனக்கு மனப்பாடம். விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் வினவினார்: “இந்தப் பையனின் இரவை உங்கள் நிலையத்தில் அறிந்தவர் யார்?”

நான் கோவையைப் புரட்டினேன். ஓர் ஆண்டுக்குள் அந்தப் பையனுக்கு மூன்று ஒருங்கிணைப்பாளர்கள் மாறியிருந்தனர். கடைசியாக வந்தவரிடம் எண்பதுக்கு மேற்பட்டோரின் பொறுப்பு இருந்தது. அவர் அந்த வீட்டுக்கு இன்னும் சென்றதில்லை. அறிந்தவர் எவருமில்லை என்றே நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பொழுது அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையிற் கோபம் இருக்கவில்லை. “இவர்களை நம்பியா இருந்தேன்?” என்ற களைப்பே இருந்தது. தீர்ப்பு அவருக்கே சார்பாக வந்தது. 150 மணி நேரமும் மீண்டன.

அவர் முறையிட்டார், வென்றார். கடிதத்தை வாசிக்க ஆளில்லாமல், முறையிடத் தெரியாமல், கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு இருந்துவிட்ட தாய்மார் எத்தனை பேர்? என் கையொப்பம் அவர்களின் கடிதங்களிலும் இருந்ததே! அடுத்த மாதம் முதல் அக்கோவைகள் ஒவ்வொன்றையும் மீண்டும் திறந்தோம். பலருக்கு விதிவிலக்குக் கிடைத்தது. ஆயினும் இடையில் அவர்கள் உறங்காத இரவுகளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த எல்லை 2018 இற் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

மொழியும் கணக்கும்

என் காரியாலயத்தில் நடந்தது தனி ஒருவனின் பிழை மட்டுமன்று. 2011 இல் ஒரு பத்திரிகை, ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்கு நிலையங்கள் செய்யும் செலவை ஆராய்ந்து வெளியிட்டது. படித்த, வசதியுள்ள, விதிகளை அறிந்து வாதாடக் கூடிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதிகமும், ஏனையோருக்குக் குறைவும் சென்றிருந்தன. அதன்பின் 2012 இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நிலையமும் எந்த இனத்தாருக்கு, எந்த மொழி பேசுவோருக்கு, எவ்வளவு செலவழித்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதனைப் பொதுக் கூட்டத்தில் மக்கள் முன் வைத்து விளக்கமும் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஸ்பானிய மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் பேசுவோரிலும் குறைவாகவே சென்றிருப்பதை அக்கணக்குகள் காட்டின. வேறுபாடு இன்னும் மறையவில்லை. ஆனால் இனி அதனை மறைக்க முடியாது.

மொழியைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தன் மொழியில் வராத கடிதம் கதவடைப்புக்குச் சமம் என்பதை நீங்கள் அனுபவத்தால் அறிவீர்கள். நானும் அறிந்தவன்தான். தமிழனாகப் பிறந்து, எனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவன்தான். அப்படியிருந்தும் அந்தத் தாய்க்கு ஆங்கிலத்திற் கடிதம் அனுப்பினேன். மேசைக்கு மறுபுறம் போய் இருந்தவுடன் மனிதன் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறான் பாருங்கள்!

கைகள் எத்தனை, கூலி எவ்வளவு

நிர்வாகத்தின் இரகசியம் என்ன என்று என்னிடம் கேட்பதுண்டு. இரகசியம் ஒன்றுமில்லை, இரண்டு எண்கள்தான் உண்டு. ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு எத்தனை பேர் என்பது முதலாவது. சராசரி 62 பேருக்கு மேற்படலாகாது என்று சட்டம் பலருக்கு வகுத்திருக்கிறது. 62 பேரையாவது முகமறிந்து, வீடறிந்து வைத்திருக்கலாம். எண்பது தொண்ணூறு என்று ஏறினால் மனிதர் மறைந்து கோவை மட்டுமே எஞ்சும். ஆட்குறைப்பினால் மிச்சம் பிடித்ததாக அறிக்கையில் எழுதலாம். அந்த மிச்சம் யாரோ ஒரு தாயின் உறக்கத்திலிருந்து பிடித்தது.

இரண்டாவது எண், நேரே நின்று பணி செய்பவரின் கூலி. குளிப்பாட்டுபவர், உணவூட்டுபவர், வேலைக்கு அழைத்துச் செல்பவர் ஆகியோருக்குப் போதிய கூலி இல்லையென்றால் அவர் மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். பேச முடியாத பிள்ளை மீண்டும் ஒரு புது முகத்துக்குத் தன்னைப் பழக்க வேண்டும். சேவை செய்வோருக்குக் கொடுக்கும் கட்டணம் போதாதென்று 2019 இல் மாநிலத்துக்குக் கிடைத்த ஆய்வறிக்கையே எடுத்துக்காட்டியது. திருத்திய கட்டணம் 2025 சனவரியிலேதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இடையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! நல்ல அறிக்கைக்கும் நல்ல காரியத்துக்கும் இடையில் உள்ள தூரம் இது.

பழைய அரச விடுதிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அக்னியூஸ் 2009 இலும் சொனோமா 2018 இலும் மூடப்பட்டன. அவற்றை மூடக் கூடாதென்று எதிர்த்த பெற்றோரும் இருந்தனர். நாற்பது ஆண்டுகளாக மகன் வாழ்ந்த இடம் அது; பழகிய முகங்கள் அங்கேதான் இருந்தன. அவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அக்னியூசை மூடியபோது, அங்கு கடமையாற்றிய அரச ஊழியர்கள் அந்த மனிதர்களுடன் ஊரிலுள்ள இல்லங்களுக்குச் சென்று பணியாற்றவும் சட்டம் வழிசெய்தது. கட்டடத்தை விட்டாலும் முகத்தை விடவில்லை. நிர்வாகம் என்றால் அதுவே நிர்வாகம்.

“எனக்குப் பின் யார்?”

அன்பர்களே! கலிபோர்னியாவிலும் சரி, கிளிநொச்சியிலும் சரி, இப்பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். “எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?” இதற்குச் சகோதரர் பதில் சொல்லலாம்; கோயில் பதில் சொல்லலாம்; தரும சங்கம் பதில் சொல்லலாம். அவர்களின் இரக்கத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் கொண்டவர் களைக்கலாம், இறக்கலாம், ஊரைவிட்டுப் போகலாம். சட்டத்தில் எழுதிய உரிமை, அதனைக் காவல் செய்வார் உள்ளவரை, இருக்கும்.

நமது நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இயலாமை உடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தும் இருக்கிறது. குளம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் எங்கே? கலிபோர்னியாவின் செல்வம் நமக்கில்லை. அங்கு நான் கற்றவற்றுள் செல்வம் வேண்டாதவை சில உண்டு. ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி ஒரு திட்டம் எழுதுவதற்கு ஒரு தாளும், அந்த வீட்டுக்கு நடந்து போகும் ஒரு மனிதரும் போதும். கடிதத்தை வீட்டார் மொழியில் எழுதப் பெருஞ்செலவு இல்லை. சபையில் ஒரு தாய்க்கு நாற்காலி போடவும் பெருஞ்செலவு இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முன் வாசிக்கத் துணிவே வேண்டும்.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வழக்கறிஞராயின் அந்தத் தாயின் கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். வைத்தியராயின் “ஒன்றும் செய்ய முடியாது” என்ற சொல்லை வாயில் வைக்காதீர்கள். ஆசிரியராயின் அவனுக்கும் வகுப்பில் இடங்கொடுங்கள். உத்தியோகத்தராயின், கையொப்பமிடுமுன் ஒரு முறையாவது அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து பாருங்கள். நான் இருக்கத் தவறினேன்.

கமக்காரப் பெரியோர்களே! உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. நீர்ப்பங்கீட்டை நீங்களே அறிவீர்கள். தலைவாய்க்காலில் வயல் உள்ளவன் எத்தனை செல்வாக்கு உடையவனாயினும், கடைசி வயல் காய்ந்தால் அந்தப் பங்கீட்டை நல்ல பங்கீடு என்று நீங்கள் சொல்வதில்லை. அரசாங்கத் திட்டத்தையும் அந்தக் கண்கொண்டு பாருங்கள். எவராவது மேடையேறி, இத்தனை கோடி ஒதுக்கினோம், இத்தனை ஆயிரம் பேருக்கு உதவினோம் என்று சொன்னால், எழுந்து நின்று மரியாதையாக ஒன்றைக் கேளுங்கள்: “ஐயா, எங்கள் ஊரின் கடைசி வீட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பதில் சொல்லும்வரை அமராதீர்கள்.